கான்செப்ட் ஆல்பத்தில் கதையைத் தேட வேண்டாம்

ராக் இசை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "அது ஒரு கான்செப்ட் ஆல்பம்" என்று சொல்லிவிடுவார். அதற்கு என்ன பொருள் என்று யாரும் விளக்குவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர், ஏதோ பாட்டிலேயே ஒரு கதை சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். வீட்டுக்குப் போய் அந்த ஆல்பத்தைப் போடுவார். பாடல் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே படிப்பார். கதாநாயகன் யார், என்ன நடந்தது, எப்படி முடிந்தது, ஒன்றும் பிடிபடாது. நமக்கு இதெல்லாம் புரியாது என்று அத்தோடு விட்டுவிடுவார்.

இந்த வகை ஆல்பங்கள் பலவற்றில் கதை என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் அது பெரும்பாலும் ஒட்டுப் போட்ட கதைதான். ஆல்பத்தை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது ஒலிக்குள் இருக்கும் வேலைப்பாடு. அதைக் காட்ட ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம்: 1972-இல் ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் குழு வெளியிட்ட 'திக் ஆஸ் எ பிரிக்'. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கான்செப்ட் ஆல்பங்களைக் கிண்டல் செய்வதற்காகவே செய்யப்பட்ட கான்செப்ட் ஆல்பம் இது. இதில் சொல்லப்படும் 'பின்னணிக் கதை' முழுக்கப் பொய். ஆனாலும் இசை சிதறாமல் நிற்கிறது. அது எப்படி என்று புரிந்தால் மற்ற ஆல்பங்களும் புரியும்.

ஆல்பம் என்ற பொருள்

எல்பி எனப்படும் நீண்ட இசைத்தட்டு 1948-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றே அதிகமான வேகத்தில் சுழலும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ இசை அடங்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் முக்கால் மணி நேரத்துக்கு அருகில் வரும். இதன் போட்டியாளர் சிங்கிள் என்ற சின்னத் தட்டு. அதில் பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடம் போல.

1960-களின் முற்பாதி வரை பாப் உலகில் காசு சம்பாதித்தது சிங்கிள்தான். எல்பி என்றால் ஓடிய இரண்டு மூன்று பாட்டோடு இடத்தை நிரப்ப மற்ற சிலவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதை லைன் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். வரிசையாகப் பத்துக் குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் பொதுவாக இருப்பது சுவர் மட்டும். கான்செப்ட் ஆல்பம் நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு. அறைகள் வேறுவேறு அளவில் இருக்கும், ஒன்றில் வெளிச்சம் அதிகம், ஒன்று இருட்டு. ஆனால் எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் அதே முற்றத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

அந்த முற்றம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ஃபிராங்க் சினாட்ரா 1955-இல் வெளியிட்ட 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' ஆல்பத்தில் அது ஒரு மனநிலை: நள்ளிரவுத் தனிமை. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பத்தில் ஒரு கருப்பொருள்: பணம், காலம், மரணம், மனப் பிறழ்வு என மனிதனை நெருக்குபவை. தி ஹூ குழுவின் 'டாமி' (1969) ஆல்பத்தில் மட்டும் உண்மையாகவே ஒரு பாத்திரமும் கதையும் உண்டு. அந்த வகைக்கு ராக் ஆபரா, அதாவது ராக் இசை நாடகம், என்று தனிப்பெயரே இருக்கிறது. பலரும் மனதில் வைத்திருப்பது இந்தக் கடைசி வகையை. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

எல்லோரும் உதாரணம் காட்டும் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967) ஆல்பத்தையே பாருங்கள். வேறொரு கற்பனைக் குழு நடத்தும் கச்சேரி என்ற எண்ணம் முதல் இரண்டு பாட்டில் இருக்கிறது, கடைசிக்குச் சற்று முன் ஒருமுறை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். தான் எழுதிய பாடல்களுக்கும் அந்த எண்ணத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஜான் லெனனே பின்னாளில் சொல்லிவிட்டார்.

சுருக்கமாக: பாடல்களைத் தனித்தனியாக இல்லாமல் முழுசாகக் கேட்க வைக்கும் ஏதோ ஒரு பொதுத்தன்மை இருந்தால் அது கான்செப்ட் ஆல்பம். அந்தப் பொதுத்தன்மை கதையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

புரோகிரசிவ் ராக் எங்கே வருகிறது?

இந்த இரண்டு பெயரையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு வழக்கமான தவறு. புரோகிரசிவ் ராக் என்பது ஓர் இசைப்பாணி. 1960-களின் கடைசியில் பிரிட்டனில் உருவானது. ராக் குழுவின் மின் கிதாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, மேற்கத்திய செவ்வியல் இசையின் நீண்ட வடிவங்கள், ஜாஸின் மனோதர்மம், நாட்டுப்பாட்டின் மெட்டு எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப்போடுவது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தபோது இந்தப் பாணிக்கு ஓர் உருவம் கிடைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

சினாட்ராவின் ஆல்பம் கான்செப்ட் ஆல்பம், ஆனால் புரோகிரசிவ் ராக்குக்கும் அதற்கும் காத தூரம். அதேபோல் கதையோ கருப்பொருளோ இல்லாத புரோகிரசிவ் ராக் ஆல்பங்கள் நிறைய உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. நீளமாக வாசிக்க ஆசைப்படும் குழுவுக்கு அந்த நீளத்தை நியாயப்படுத்த ஒரு காரணம் வேண்டும். 'இது எல்லாம் சேர்ந்து ஒரே படைப்பு' என்பதைவிட வசதியான காரணம் வேறென்ன?

தொழில்நுட்பமும் கைகொடுத்தது. அந்த ஆண்டுகளில் மல்டிடிராக் பதிவு வேகமாக வளர்ந்தது. ஒரே நாடாவில் பல தடங்கள் ஓடும். கிதாரை ஒன்றில், குரலை ஒன்றில் எனத் தனித்தனியாகப் பதிந்து, பிறகு ஒன்றாகக் கலக்கலாம். 1967-இல் பீட்டில்ஸ் நான்கு தட இயந்திரத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் லண்டனின் நல்ல ஸ்டுடியோக்களில் பதினாறு தடம் சாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவில் எஃப்எம் வானொலிகளும் நீண்ட பாடல்களை ஒலிபரப்பத் தயங்கவில்லை.

மறுத்தும் கேட்காத விமர்சகர்கள்

இனி ஜெத்ரோ டல். இது பாடகரின் பெயர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. விதை விதைக்கும் கருவியை உருவாக்கியதற்காக அறியப்பட்ட 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில வேளாண் அறிஞர் ஒருவரின் பெயர் அது, குழு அதைக் கடன் வாங்கிக்கொண்டது. பாட்டும் புல்லாங்குழலும் இயன் ஆண்டர்சன். ஒற்றைக்காலில் நின்று குழல் வாசிக்கும் அவருடைய தோற்றமே குழுவின் அடையாளம் ஆகிவிட்டது.

1971-இல் அவர்களுடைய 'அக்வாலங்' வந்தது. சில பாடல்கள் கடவுளையும் நிறுவன மதத்தையும் பற்றியவை, மற்றவை வேறு விஷயங்கள். ஆனால் இரண்டு பக்கங்களுக்கும் தனித் தலைப்பு கொடுத்திருந்தார்கள், அட்டையும் கனமாக இருந்தது. போதாதா? விமர்சகர்கள் கான்செப்ட் ஆல்பம் என்று எழுதினார்கள். இது வெறும் பாடல்களின் தொகுப்பு என்று ஆண்டர்சன் சொல்லிப் பார்த்தார். யாரும் விடுவதாக இல்லை.

சரி, கான்செப்ட் ஆல்பம்தானே வேண்டும், எல்லாவற்றுக்கும் தாயான ஒன்றைச் செய்து கொடுத்துவிடுவோம் என்று இறங்கினார். அப்போது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மான்ட்டி பைத்தான் குழுவின் கிறுக்குத்தனமான நகைச்சுவை கொடிகட்டிப் பறந்த நேரம். அதன் பாதிப்பு தன்னிடம் இருந்ததாக ஆண்டர்சன் பலமுறை சொல்லியிருக்கிறார். இப்படித் திட்டமிட்ட கிண்டலாகப் பிறந்ததுதான் 'திக் ஆஸ் எ பிரிக்'. களிமண் மண்டை என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலேயர்கள் செங்கல்லைத் துணைக்கு அழைப்பார்கள், தலைப்பு அதுதான்.

பாட்டு எப்படி உருவானது

1971-இன் இறுதி. லண்டனின் பெர்மண்ட்சியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான ஒரு நிலவறை ஒத்திகைக்கூடம். ஆண்டர்சன் காலையில் சில நிமிட இசையை எழுதிக்கொண்டு வருவார். மற்றவர்கள் அதை வாசித்துப் பழகுவார்கள். மறுநாள் இன்னும் சில நிமிடம். இப்படி இரண்டு வாரம் போல ஓடியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரே பாட்டு என்று யாரும் முதலிலேயே வரைபடம் போட்டு உட்காரவில்லை. தனித்தனித் துண்டுகளாகத்தான் வந்தன. அந்தத் துண்டுகளை இணைக்கும் சிறு இசைப் பகுதிகளை எழுதிச் சேர்க்கச் சேர்க்க, மொத்தமும் ஒரே படைப்பாக மாறியது. மேதை ஒருவர் முழு உருவத்தையும் மனதில் கண்டு பிரசவித்தார் என்ற ரசிகர் கதையைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல கட்டுமானம் பல சமயம் கொத்தனார் கையில்தான் தீர்மானமாகிறது.

டிசம்பரில் லண்டனின் மார்கன் ஸ்டுடியோவில் பதிவு. மார்ட்டின் பார் மின் கிதார், ஜான் எவன் பியானோவும் ஆர்கனும், ஜெஃப்ரி ஹேமண்ட் பேஸ் கிதார், பேரிமோர் பார்லோ டிரம்ஸ். பார்லோவுக்கு இந்தக் குழுவோடு இதுதான் முதல் முழு ஆல்பம். ஒத்திகையிலேயே எல்லாம் கைக்குள் வந்துவிட்டதால் பதிவு வேகமாக முடிந்தது. அதன்மேல் ஓவர்டப் செய்தார்கள், அதாவது ஏற்கெனவே பதிந்த இசையைக் கேட்டபடி வேறு தடத்தில் இன்னொரு வாத்தியத்தைச் சேர்த்தார்கள். ஆண்டர்சன் குழலோடு நிற்காமல் வயலின், டிரம்பெட், சாக்ஸபோனும் கையில் எடுத்தார். ஹார்ப்சிகார்ட் என்ற பழங்கால விசை வாத்தியம், டிம்பனி என்ற பெரிய முரசு, தந்தி வாத்தியக் குழு வரை உள்ளே வந்தன.

முடிவில் கிடைத்தது சுமார் 44 நிமிட ஒரே பாட்டு. தட்டைத் திருப்பிப் போடும் இடத்தில் மட்டும் ஒரு வெட்டு.

எது ஒட்டி வைத்திருக்கிறது?

கட்டுரையின் மையத்துக்கு வந்துவிட்டோம். நாற்பத்து நான்கு நிமிடம் ஓடும் இசை ஏன் பத்துப் பாட்டின் கலவையாகத் தோன்றுவதில்லை?

முதல் காரணம் மோட்டிஃப். ஒருமுறை கேட்டாலே நினைவில் நிற்கும், பிறகு மீண்டும் மீண்டும் தலைகாட்டும் சிறிய இசைச் சொற்றொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் தொடங்கும்போது மெல்லிய மரக் கிதாரில் ஒரு சொற்றொடர் வருகிறது, குழல் அதைத் தொடுகிறது. பிறகு காணாமல் போகிறது. புயலெல்லாம் அடித்து ஓய்ந்து இரண்டாம் பக்கத்தின் கடைசி நிமிடத்தில் அதே கிதார், அதே மெட்டு, தலைப்பு வரியோடு திரும்பி வருகிறது. வரிகளில் எதுவும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் காது 'முடிந்தது' என்று ஒப்புக்கொள்கிறது.

நடுவில் இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் வேகமான ஒரு பகுதியில், மகன் ஒருவன் பிறந்துவிட்டான், அவன் சண்டைக்குத் தகுதியானவன் என்று அறிவிக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் அதே மெட்டு திரும்புகிறது. இப்போது பிறந்திருப்பவன் வளர்ந்த மனிதன், அமைதிக்குத் தகுதியானவன் என்கிறார்கள். மெட்டு ஒன்று, சொல் எதிர். இடையில் என்ன நடந்தது என்று ஆல்பம் விளக்குவதே இல்லை. ஆனால் ஏதோ நடந்திருக்கிறது, காலம் கடந்திருக்கிறது என்று கேட்பவர் உணர்ந்துவிடுகிறார். கதை சொல்லாமலே கதையின் விளைவைக் கொண்டுவருவது இப்படித்தான். என்னைக் கேட்டால் ஆல்பத்தின் மிக நல்ல இடம் இதுவே.

இரண்டாவது காரணம் மூட்டுகள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சாதாரண ஆல்பத்தில் சில விநாடி மௌனம் இருக்கும். இங்கே மௌனத்துக்கு இடமில்லை. ஆர்கன் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும், அதன் அடியில் டிரம்ஸ் வேறொரு நடைக்கு மாறிவிடும், நாம் கவனிப்பதற்குள் அடுத்த அறைக்குள் இருப்போம். பக்கம் மாறும் இடத்தையும் அவர்கள் வீணாக்கவில்லை. முதல் பக்கம் தேய்ந்து மறைகிறது. தட்டைத் திருப்பினால் காற்று வீசுவது போன்ற ஒலியோடு இரண்டாம் பக்கம் எழுகிறது. கேட்பவர் எழுந்துபோய்த் திருப்பிப் போட்ட நேரமும் பாட்டுக்குள் சேர்ந்துவிடுகிறது.

மூன்றாவது, தாளக் கணக்கு. ராக் பாடல்கள் பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணப்படுபவை. புரோகிரசிவ் ராக் குழுக்கள் ஐந்து, ஏழு என்று எண்ணத் தொடங்கியதும் மேற்கத்திய ரசிகர்கள் பலர் அசந்து போனார்கள். பிங்க் ஃபிளாய்டின் 'மணி' பாடலின் பெரும்பகுதி ஏழில் ஓடுகிறது. மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழிலும் ஐந்திலும் அதிசயப்பட எதுவும் இல்லை, நாம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் கச்சேரியில் ஒரு கிருதி எடுத்துக்கொண்ட தாளத்தை வழக்கமாகக் கடைசி வரை விடாது. 'திக் ஆஸ் எ பிரிக்' மாதிரி ஆல்பத்தில் ஒரே பாட்டுக்குள் எண்ணிக்கை மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றம்தான் அடுத்த பகுதி வந்துவிட்டது என்று நமக்குச் சொல்லும் அடையாளம். வித்தை காட்டுவதற்காக மட்டும் எண்ணிக்கையை மாற்றும் குழுக்களும் இருந்தன, மறுப்பதற்கில்லை. இந்தப் பாணிக்குக் கெட்ட பெயர் வந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு.

ஆக, திரும்பி வரும் சொற்றொடர், மௌனமில்லாத மூட்டு, இடத்தைக் காட்டும் தாள மாற்றம். இவை மூன்றும் கதையின் துணையின்றியே வேலை செய்கின்றன.

இல்லாத சிறுவனின் கவிதை

இப்போது அந்தப் பொய். ஆல்பத்தின் உறை ஒரு செய்தித்தாள். படம் மட்டும் அப்படி இல்லை, விரித்துப் படிக்கக்கூடிய 12 பக்க உள்ளூர்ப் பத்திரிகை, 'செயின்ட் கிளீவ் கிரானிக்கிள்' என்று பெயர், 1972 ஜனவரி 7 என்று தேதி. முதல் பக்கச் செய்தி: ஜெரால்ட் பாஸ்டாக் என்ற எட்டு வயதுச் சிறுவன் கவிதைப் போட்டியில் வென்ற பரிசு பறிக்கப்பட்டது. அவனுடைய கவிதைக்குத்தான் ஜெத்ரோ டல் இசையமைத்திருக்கிறார்களாம். பாடலாசிரியர் பட்டியலிலும் அவன் பெயர் இருந்தது.

அப்படி ஒரு சிறுவன் இல்லை. வரிகள் எல்லாம் ஆண்டர்சன் எழுதியவை. பத்திரிகையை ஆண்டர்சனும் ஹேமண்டும் எவனும் எழுதித் தள்ளினார்கள். இசை நிறுவனத்தில் இருந்த முன்னாள் பத்திரிகையாளர் ராய் எல்ட்ரிட்ஜ் அதை ஒழுங்காக்கினார். குறுக்கெழுத்துப் போட்டி, ராசிபலன், ஊர் வம்பு எல்லாம் உண்டு. உள்ளே இந்த ஆல்பத்துக்கே ஒரு விமர்சனமும் அச்சாகியிருந்தது. விமர்சகர்கள் எழுதுவதற்கு முன் தாங்களே எழுதிக்கொண்டார்கள்! இசையைச் செய்ததைவிட இந்தப் பத்திரிகையைச் செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது என்பார் ஆண்டர்சன்.

எப்படி வரவேற்றார்கள்

ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. பிரிட்டனின் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. அமெரிக்காவில் ஜூன் மாதம் பில்போர்ட் இதழின் ஆல்பம் பட்டியலில் முதலிடம். தனியாக எடுத்துப் போட ஒரு பாட்டுகூட இல்லாத தட்டு அந்த இடத்தைப் பிடித்ததை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. வானொலிக்காகத் தொடக்கத்தின் மூன்று நிமிடத்தை வெட்டிக் கொடுத்தார்கள். பலர் அந்தத் துண்டை மட்டும் கேட்டுவிட்டு இது ஒரு இனிய நாட்டுப்பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்ததும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கிண்டல் பலருக்கு உறைக்கவேயில்லை. ஜெரால்ட் உண்மையான சிறுவன் என்று நம்பினார்கள். வரிகளுக்கு ஆழமான பொருள் தேடினார்கள். எந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய ஆல்பம் வந்ததோ அதே பழக்கத்தோடு அதைக் கேட்டார்கள். விமர்சகர்களில் சிலர் புகழ்ந்தார்கள், சிலர் பகட்டு என்றார்கள். மேடையில் முழு ஆல்பத்தையும் வாசித்தபோது நடுவே தொலைபேசி மணி அடிப்பது, வானிலை அறிக்கை வாசிப்பது என்று கோமாளித்தனம் சேர்த்துப் பாட்டை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இழுத்தார்கள். அதற்குப் பிறகும் தீவிர முகத்தோடு உட்கார்ந்திருந்தவர்களை என்ன சொல்வது!

மறு ஆண்டே 'எ பேஷன் பிளே' என்று இன்னொரு நீண்ட ஒற்றைப் பாட்டு ஆல்பம். இம்முறை இறந்தவன் ஒருவனின் மறுவுலகப் பயணம் என்ற கதை உண்மையிலேயே இருந்தது. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனாலும் அமெரிக்காவில் அதுவும் முதலிடம் பிடித்தது. கதை இல்லாத ஆல்பத்தைவிடக் கதை உள்ள ஆல்பத்தில் வழி தவறுவது எளிது என்று அதைக் கேட்கும்போது எனக்குத் தோன்றும். மெட்டு வளர்வதற்குள் கதை அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடுகிறது.

கேட்கத் தொடங்குபவருக்கு

முதல் முறை வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்தில் வரும் கிதார் சொற்றொடரை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டு மீதியை அதன் போக்கில் விடுங்கள். இரண்டாம் முறை, பகுதிகள் மாறும் இடங்களைக் கவனியுங்கள்: எந்த வாத்தியம் அடுத்த பகுதிக்கு நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது என்று. மூன்றாம் முறை வேண்டுமானால் வரிகளைப் படியுங்கள். அந்தப் போலிப் பத்திரிகையையும் தேடிப் படியுங்கள், சிரிப்புக்கு உத்தரவாதம்.

முக்கால் மணி நேரம் ஒரே மூச்சில் கேட்பது பாரமாகத் தெரிந்தால் பக்கம் திரும்பும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், தட்டே அதற்கு இடம் கொடுத்துத்தான் செய்யப்பட்டது. ஜெத்ரோ டல் ஒத்துவரவில்லை என்றால் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' நல்ல நுழைவாயில். அதில் பாடல்கள் குட்டையானவை, ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிச் செல்லும், தொடக்கத்தில் கேட்கும் இதயத் துடிப்பு கடைசியில் மீண்டும் கேட்கும். எதை எடுத்தாலும் செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை மட்டும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.